பாத்துக்கலாம் என்றொரு ஒப்பந்தம்

செப்டம்பர் 2, திங்கள்

மச்சானுக்கு ஸலாம்.

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதீர்கள். கையில் வார்னிஷ் டப்பா இருந்தால் கீழே வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து படியுங்கள். பாதிக் கடிதத்துக்கு நீங்கள் சிரிப்பீர்கள். மீதிப் பாதிக்கு என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

போன் செய்யலாமே என்பீர்கள். இந்த ஊர் பள்ளத்தில் கிடக்கிறது. தண்ணீர்த் தொட்டிமேல் ஏறினால் போனில் ஒரு கோடு வருகிறது, ஹலோ என்றதும் போய்விடுகிறது. திங்களும் வியாழனும் வருகிற பஸ்ஸின் கண்டக்டர்தான் இனி நமக்குத் தபால்காரர். நான் இங்கே நடத்துகிற நான்கு மாதப் பயிற்சி முடியும்வரை, பெண்டாட்டியின் கடிதத்துக்காகவாவது அவரை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள்.

வகுப்பு ஜோராகப் போகிறது என்று போன வாரம்வரை எழுதியிருப்பேன். மதரஸாவின் பின்கூடத்தில் பாய் விரித்துப் பதினெட்டுப் பெண்கள் உட்காருகிறார்கள். ஆடு வளர்க்கிறவர்கள், தைக்கிறவர்கள், செங்கல் சூளைக்குப் போகிறவர்கள். வட்டி என்றால் என்னவென்று இவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் மோட்டார் சைக்கிளில் வருகிற வாரவட்டிக்காரர் அதை நன்றாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறார். அந்த ஆள் இல்லாமல், மார்க்கம் சொன்ன வழியில் பணத்தை எப்படிப் புழங்குவது என்பதுதான் என் பாடம். ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டிய ஜகாத்துக்கு நகையை எடைபோடக் கற்றுக்கொண்டார்கள். கணக்கு நோட்டில் கோடு போடக் கற்றுக்கொண்டார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

புதன்கிழமை மஹர் பாடம். நிக்காஹ்வில் மாப்பிள்ளை கொடுக்கிற அந்தப் பணமோ நகையோ பெண்ணுக்கே சொந்தம், அவள் மனசார விட்டுக்கொடுத்தாலொழிய அதில் புருஷன் உட்பட யாருக்கும் உரிமை இல்லை என்றேன். பதினெட்டுத் தலையும் ஆடின. அந்தக் குஷியில் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்துத் தொலைத்தேன். "இன்னைக்கு வீட்டுக்குப் போய், என் மஹர் என்னாச்சுன்னு கேட்டுட்டு வாங்க."

கேட்டார்கள் மச்சான். பதினெட்டு வீட்டிலும், ஒரே வேளையில், தட்டில் சோறு வைக்கும்போது கேட்டிருக்கிறார்கள்.

மறுநாள் கூடத்து வாசலில் பெண்களைக் காணோம், ஆண்கள் நிற்கிறார்கள். "டீச்சர், இருபது வருஷமா நான் நிம்மதியா சாப்பிட்டுட்டிருந்தேன்" என்றார் ஒருவர். அழுதுவிடுவார் போலிருந்தது. ஒருவர் கேள்வி வந்த உடனே ஒரு ஆட்டை அவிழ்த்து மனைவி கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டாராம். இன்னொருவர் அக்கா வீட்டுக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. ஒரே ஒரு பெரியவர் மட்டும், மனைவி கையெழுத்துப் போட்ட பழைய காகிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நான் குடுத்துட்டேன்! நான் குடுத்துட்டேன்!" என்று கூட்டத்தில் சுற்றிச் சுற்றி வந்தார். மற்றவர்கள் அவரை முறைத்த முறைப்பு இருக்கிறதே!

இதுவரைக்கும்தான் சிரிப்பு.

வகுப்பில் ஒரு பால்காரம்மா இருக்கிறாள். இரண்டு மாடு, கழுத்தில் மஹராக வந்த ஒரு சங்கிலி, அவ்வளவுதான் அவள் சொத்து. சரக்கு வண்டி வாங்க முன்பணம் கட்டுவதற்கு அவள் புருஷன் அந்தச் சங்கிலியைக் கேட்கிறார். இருபத்து மூன்றாம் தேதி கட்ட வேண்டும். எப்படிக் கொடுப்பது என்று கேட்டாள். பலகையில் மூன்று கட்டம் போட்டேன். அன்பளிப்பாகக் கொடுத்தால் அதோடு அதை மறந்துவிட வேண்டும். கடனாகக் கொடுத்தால் கொடுத்த அளவு மட்டும் திரும்ப வரும், அதற்குமேல் பேசி வாங்கினால் வட்டி. கூட்டு என்றால் லாபத்திலும் பங்கு, நட்டத்திலும் பங்கு. எதுவானாலும் கொடுக்கும்போதே வாய்விட்டுச் சொல்லி, எழுதி வைத்துக்கொள் என்றேன்.

அவள் பலகையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். "உங்க மஹர் எங்க டீச்சர்?"

"ரெண்டு வளையல். கல்யாணமான முதல் வருஷமே எங்க வீட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டுற கடை போட்டப்போ குடுத்துட்டேன்."

"இந்த மூணுல எதுல குடுத்தீங்க?"

மச்சான், எனக்குப் பதில் தெரியவில்லை. ஏழு வருஷமாகத் தெரியாது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "வீட்டுக்குப் போய்க் கேட்டுட்டு வாங்க டீச்சர், நாங்க கேட்டோம்ல" என்று பாயைச் சுருட்டிவிட்டார்கள். பதில் வருகிறவரை பாடம் கிடையாதாம். பால்காரம்மாவும் உங்கள் பதிலைப் பார்த்துத்தான் தன் வீட்டில் பேசப்போகிறாளாம்.

அதனால் கேட்கிறேன். அந்த வளையல் இரண்டும் அன்பளிப்பா, கடனா, கூட்டா?

நம் வாலுப் பெண்ணுக்கு என் முத்தம். உம்மாவுக்கு ஸலாம்.

உங்கள் டீச்சரம்மா

*

செப்டம்பர் 5, வியாழன்

டீச்சருக்கு ஸலாம்.

உட்கார்ந்துதான் படித்தேன். அதனால் கோபம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

முதலில் ஒன்று சொல். என் வீட்டு விஷயம் உனக்குப் பாடப் புத்தகமா? கண்டக்டர் கடிதத்தை நீட்டும்போதே, "என்ன பாஸ், அன்பளிப்பா, கடனா, கூட்டா? ஊர்ல ரெண்டு பேரு பந்தயமே கட்டிட்டாங்க" என்கிறான். நான் கடிதத்தைப் பிரிக்கக்கூட இல்லை. கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள். பந்தயம் ஹராம் என்கிற பாடத்தை அந்த ஊரில் இன்னும் நடத்தவில்லையா?

இங்கே நான் படுகிற பாடு உனக்குத் தெரியாது. காலையில் எழுந்து வாலுக்கு இரண்டு பின்னல் போடுகிறேன். ஒன்று காதுக்கு மேலே போகிறது, ஒன்று தோளுக்கு வருகிறது. பள்ளிக்கூடத்தில் யார் பின்னிவிட்டது என்று கேட்டதற்கு, "எங்க வாப்பா. அவரு மோட்டார் மெக்கானிக்" என்று சொல்லியிருக்கிறாள். அதன்பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லையாம். நீ போ, நான்கு மாதம்தானே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உன்னை பஸ் ஏற்றிவிட்டவன் நான். அந்த நான்கு மாதத்தில் முதல் மாதமே என்னைப் பதினெட்டுப் பெண்கள் வாயில் போட்டுவிட்டாய்.

நான் உன்னிடம் வளையலைப் பிடுங்கினேனா? திருடினேனா? நீயாகத்தானே கழற்றிக் கொடுத்தாய்? புருஷன் பெண்டாட்டிக்குள் கொடுத்ததற்கெல்லாம் மூன்று கட்டம் போட்டால் குடும்பம் எப்படி நடக்கும்?

(இதற்குக் கீழே அடித்திருப்பதை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயலாதே.)

அன்பளிப்பு. போதுமா? பலகையிலும் எழுதிக்கொள்.

அந்தக் கூடத்து ஃபேன் கடகட என்கிறது என்று கண்டக்டர் சொன்னான். கப்பாசிட்டரை மாற்றினால் சரியாகாது, பேரிங் போயிருக்கும். கண்டக்டரிடம் புதிது ஒன்று கொடுத்திருக்கிறேன். பழையதைத் தட்டிக் கழற்றச் சொல்.

காயில்காரன்

*

செப்டம்பர் 9, திங்கள்

மச்சானுக்கு ஸலாம்.

ஃபேன் சத்தமில்லாமல் ஓடுகிறது. அதற்கு மட்டும் நன்றி.

உங்கள் கடிதத்தில் அன்பளிப்பு என்ற ஒரு வார்த்தையை மட்டும்தான் வகுப்பில் சொன்னேன்.   பால்காரம்மா சங்கிலியை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டாள். "சரிதான் டீச்சர். படிச்ச வீட்டுலயே அப்படின்னா, நம்ம வீட்டுல எங்க? நானும் சும்மாவே குடுத்துடறேன்" என்றாள். எழுந்து பால் கறக்கப் போய்விட்டாள்.

உங்கள் ஒரு வார்த்தை அவள் சங்கிலியைக் கழற்றப் பார்க்கிறது, தெரிகிறதா?

வீட்டு விஷயத்தை வெளியே சொன்னது தப்புதான். சொல்லிவிட்டு எனக்கே உறுத்தியது. ஆனால் பதினெட்டுப் பேரை அவரவர் வீட்டில் கேட்கவிட்டு, என்னிடம் கேட்டபோது நான் மழுப்ப முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.

இப்போது வளையலுக்கு வருகிறேன். அன்பளிப்பு என்றால் கொடுத்தவள் சொல்ல வேண்டும் மச்சான். வாங்கிக்கொண்டவர் சொல்வது எந்த ஊர் நியாயம்?

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீங்கள் அலமாரிப் பக்கம் நின்றுகொண்டு, கடைக்கு முன்பணம் கேட்கிறார்கள் என்றீர்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையையும் பார்க்கவில்லை, அதுதான் எனக்குப் பாவமாகப் போய்விட்டது. நானே குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கழற்றினேன். இடது கை வளையல் முட்டியில் மாட்டிக்கொண்டு தோல் உரிந்தது. கொண்டுவந்து கொடுத்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "பாத்துக்கலாம்" என்றீர்கள். அவ்வளவுதான். நானும் சரி என்றேன். உலகத்தில் எந்தச் சட்டப் புத்தகத்திலும் பாத்துக்கலாம் என்றொரு ஒப்பந்தம் கிடையாது. நம் கல்யாணத்தில் மட்டும்தான் இருக்கிறது.

அன்றைக்கு நான் அழுதேன். உங்களுக்குத் தெரியாது. நகை போகிறதே என்று அழவில்லை. நான் கொடுப்பதற்கு ஒரு பெயர்கூட வைக்காமல் வாங்கிக்கொண்டீர்களே என்று அழுதேன். இத்தனை வருஷத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை, இப்போது உங்களிடம்தான் சொல்கிறேன். இதை வகுப்பில் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.

நன்றாக யோசித்து எழுதுங்கள். இருபத்து மூன்றாம் தேதிக்கு இன்னும் இரண்டே வாரம்.

வாலுவின் பின்னலைப் பற்றிப் படித்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து வந்து பார்த்தார்கள். கோபத்தில் இருக்கும்போது இப்படியெல்லாம் எழுதி என்னைச் சிரிக்கவைக்காதீர்கள்.

டீச்சர்

*

செப்டம்பர் 12, வியாழன்

டீச்சருக்கு ஸலாம்.

அழுதது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

சரி. கடன். கடன் என்றே வைத்துக்கொள்வோம். என்றைக்கும் நான் யாருக்கும் கடன்பட்டவனாக இருக்க விரும்பவில்லை, கட்டின மனைவிக்கும்கூட. கண்டக்டர் கையில் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். இடுப்பில் கட்டிக்கொண்டு வழி முழுக்க உட்காராமல் வருவதாகச் சொல்லியிருக்கிறான். அதில் இரண்டு வளையல் இருக்கின்றன. நாலு பவுன், நீ கொடுத்த அதே எடை, தட்டானிடம் என் கண்முன்னே நிறுத்து வாங்கியது. கூடவே ஒரு அரைப் பவுன் காசு. ஏழு வருஷம் காத்திருந்தாயே, வருஷத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சேர்த்திருக்கிறேன். குறை சொல்ல உனக்கு ஒன்றும் இருக்கக் கூடாது.

பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். புது வைண்டிங் மிஷின் வாங்கச் சேர்த்து வைத்திருந்தது. பரவாயில்லை, கையாலேயே சுற்றுகிறேன். இத்தனை நாள் சுற்றவில்லையா?

நான் பொட்டலம் கட்டுவதை உம்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என்னடா இது?" என்றார்கள். கடனைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றேன். "கோவத்துல குடுத்தா அதுக்குப் பேரு கடன் இல்லடா, அபராதம்" என்றார்கள். அதிலிருந்து எனக்குத் தட்டை வைக்கிறார்கள், பேசுவதில்லை. அந்தப் பக்கம் வாப்பாவிடம் தன் மஹரைப் பற்றி விசாரணை ஆரம்பித்திருக்கிறார்கள். வாப்பா மூன்று நாளாகப் பள்ளிவாசலிலேயே இருக்கிறார். உன் வகுப்பு அந்த ஊர் எல்லையைத் தாண்டிவிட்டது, சந்தோஷமா?

பெற்றுக்கொண்டதற்கு ஒரு வரி எழுதி அனுப்பு. சாட்சி வேண்டுமானால் கண்டக்டரே போடுவான்.

காயில்காரன்

*

செப்டம்பர் 16, திங்கள்

மச்சானுக்கு ஸலாம்.

பொட்டலம் வந்தது. இதோ, அதே பொட்டலம் திரும்பி வருகிறது. பாவம் கண்டக்டர், இன்றைக்கும் நின்றுகொண்டேதான் வர வேண்டும்.

அரைப் பவுன் விஷயத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். என்ன செய்தேன் தெரியுமா? பேரைச் சொல்லாமல், "ஒருத்தர் நாலு பவுன் கடன் வாங்கினார். திருப்பும்போது, வருஷத்துக்கு இவ்வளவுன்னு கணக்குப் போட்டு அரைப் பவுன் சேர்த்துக் குடுக்கறார். இது என்ன?" என்று கேட்டேன். பதினெட்டுத் தொண்டையும் சேர்ந்து "வட்டி!" என்று கத்தின. கூடத்துக்கு வெளியே கட்டியிருந்த ஆடு பயந்து கயிற்றை அறுத்துக்கொண்டது. முன்பேச்சில்லாமல் மனசு நிறைந்து கூடுதலாகக் கொடுப்பது நல்ல குணம், வருஷக் கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் வட்டி என்று நான் சொல்வதற்குள் செங்கல் சூளைக்காரி ஒருத்தி எழுந்து அதையே சொன்னாள். உங்கள் புண்ணியத்தில் என் வகுப்பு முதல் பரீட்சையில் தேறிவிட்டது.

பேரைச் சொல்லவில்லை என்றேனே, கண்டக்டர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறான்.

மச்சான், நான் நாலு பவுன் கேட்கவில்லை. வைண்டிங் மிஷின் காசைத் தின்கிற பெண்ணா நான்? அதை வாங்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக என்னிடம் அதன் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் தோள்பட்டை வலிக்கு நான்தானே எண்ணெய் தேய்க்கிறேன்?

போன கடிதத்தில் அன்பளிப்பு, இந்தக் கடிதத்தில் கடன். கோபம் மாறும்போதெல்லாம் கட்டமும் மாறுமா? கடன் என்று நீங்கள் அன்றைக்கு நினைத்திருந்தால், இடையில் ஒரு நாளாவது "உன் கடன் பாக்கி இருக்கு" என்று வாயில் வந்திருக்கும். எனக்கு அப்படி ஒன்றும் ஞாபகம் இல்லை. நீங்களும் உட்கார்ந்து ஞாபகப்படுத்திப் பாருங்கள். அந்த வளையலைப் பற்றி நாம் எப்போதாவது பேசியிருக்கிறோமா? கோபம் வராத நாளில் என்ன பேசினோமோ அதுதான் உண்மை. இன்றைக்குக் கடிதத்தில் எழுதுவதெல்லாம் வீம்பு, என்னுடையதையும் சேர்த்துத்தான்.

பால்காரம்மா தினமும் கூடத்துக்கு வருகிறாள். பாடத்துக்கு இல்லை, பதில் வந்ததா என்று பார்க்க. அவள் புருஷன் பொறுமையில்லாமல் நகத்தைக் கடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். வருகிற திங்கட்கிழமை அவர்கள் பணம் கட்டியாக வேண்டும். வியாழக்கிழமை பஸ்தான் கடைசி.

உம்மாவிடம் வாப்பாவைக் கொஞ்சம் சாப்பிடவிடச் சொல்லுங்கள்.

உங்கள்
டீச்சரம்மா

*

செப்டம்பர் 19, வியாழன்

என் டீச்சரம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வெளியே ஒருவர் தண்ணீர் மோட்டாரை வைத்துக்கொண்டு திட்டுகிறார். திட்டட்டும்.

ஞாபகப்படுத்திப் பார் என்றாய். பார்த்தேன். ஒரு தடவை பேசியிருக்கிறோம்.

கடை போட்டு இரண்டாவது வருஷம் தீப்பிடித்ததே, அந்த வெள்ளிக்கிழமை. காயில் கட்டி வார்னிஷ் ஊற்றிய மோட்டார்களைக் காயவைக்கப் பெரிய பல்பு போட்டுவிட்டு ஜும்ஆவுக்குப் போனேன். பல்பு சாய்ந்திருக்கிறது. தொழுதுவிட்டு வந்தால் தெருவெல்லாம் புகை. ஊரான் மோட்டார் பதினொன்று, செம்புக் கம்பி, காயில் சுற்றுகிற மேசை, எல்லாம் கரி. நான் நேராக வீட்டுக்கு வந்தேன். நீ அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாய். நான் வாசற்படியிலேயே உட்கார்ந்து உன்னிடம் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. நேற்று மதியம் ஒரு காயிலைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது சட்டென்று வந்தது, சுற்று எண்ணிக்கையே தப்பிப்போய்விட்டது.

"உன் வளையல் ரெண்டும் போச்சுடி" என்றேன்.

என் கடை போச்சு என்று சொல்லவில்லை. உன் வளையல் போச்சு என்றேன். நீ வெங்காயக் கையோடு வந்து, "போனா போகட்டும். கை ரெண்டும் இருக்குல்ல? முதல்ல மூஞ்சியைக் கழுவுங்க, கரியா இருக்கு" என்றாய். அதோடு சரி. மறுவாரத்திலிருந்து வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்க ஆரம்பித்தாய். ஒன்றரை வருஷம் வீட்டுச் செலவு முழுக்க உன் டியூஷன் பணத்தில் ஓடியது. நான் அந்தப் பதினொரு மோட்டாரையும் என் செலவில் கட்டிக் கொடுத்தேன்.

இப்போது உன் பலகைக்கு வருகிறேன். அன்பளிப்பு என்றால் எரிந்தது என்னுடையது. உன் வளையல் என்று ஏன் சொன்னேன்? கடன் என்றால் எரிந்தாலும் எரியாவிட்டாலும் நான் திருப்பித் தர வேண்டியவன். போச்சு என்று எப்படிச் சொன்னேன்? நட்டம் வந்தபோது அதை உன் தலையில் வைத்தேன், நீயும் வாங்கிக்கொண்டாய். லாபம் வந்தபோது மட்டும் என் கடை, என் வருமானம், என் மிஷின் என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. எனக்கு எழுத வராது, ஆனால் இதை எழுதாமல் இருந்தால் நான் மனுஷன் இல்லை.

கூட்டுதான். அன்றும் கூட்டு, இன்றும் கூட்டு. கடைக்குப் போட்ட முதலில் பாதி உன் வளையல், பாதி என் சேமிப்பு. உழைப்பு என்னுடையது. லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு உனக்கு என்று எழுதிக்கொள்ளலாமா? குறைவு என்றால் சொல். பங்கு பேசாமலே ஓடிய இத்தனை வருஷத்துக்கு என்ன நியாயமோ அதையும் நீயே சொல். நீ திருப்பி அனுப்பிய வளையல் மேசை டிராயரில் இருக்கிறது. என் கூட்டாளியைக் கேட்காமல் அதைத் தொடமாட்டேன்.

உம்மாவிடம் சொன்னேன். ஒரு வாரம் கழித்து முதல் பேச்சாக, "இப்பத்தான் எம் மவன்" என்றார்கள். வாப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். தவணையில் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கடிதத்தை வகுப்பில் படி. நானே சொல்கிறேன். தீப்பிடித்ததையும் படி, வெட்கப்பட்டதையும் படி. கடைசிப் பத்தியை மட்டும் படிக்காதே.

குழாயடியில் தோல் உரிந்தது என்று எழுதியிருந்தாயே. ஏழு வருஷம் கழித்து அது எனக்கு வலிக்கிறது. இடது கை முட்டியில் அந்தச் சின்னத் தழும்பு எப்படி வந்தது என்று நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. நீ வந்ததும் முதலில் அந்தக் கையைத்தான் பிடிக்கப்போகிறேன். வீடு உன் சத்தம் இல்லாமல் நன்றாகவே இல்லை.

உன் காயில்காரன்

*

செப்டம்பர் 23, திங்கள்

என் கூட்டாளிக்கு, அலைக்குமுஸ்ஸலாம்.

இந்தக் கடிதத்தைக் கண்டக்டர் கொண்டுவரவில்லை, கவனித்தீர்களா? உங்கள் கையில் தந்துவிட்டு நிற்கிறாளே, அவள்தான் பால்காரம்மா. பக்கத்தில் நகம் கடிக்கிறவர் அவள் புருஷன். வண்டிக்கு முன்பணம் கட்ட வந்திருக்கிறார்கள். ஸ்டூலில் உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுங்கள்.

வியாழக்கிழமை பஸ் வந்தபோது கூடத்தில் உட்கார இடமில்லை. பெண்கள் பதினெட்டுப் பேர், ஜன்னலுக்கு வெளியே அவர்களின் புருஷன்மார், மாடு ஓட்டி வந்தவர் மாட்டோடு. அக்கா வீட்டுக்குப் போனவர்கூடத் திரும்பி வந்துவிட்டார். நான்தான் படித்தேன். "உன் வளையல் ரெண்டும் போச்சுடி" என்கிற இடத்தில் கடிதத்தாலேயே முகத்தை மூடிக்கொண்டேன். செங்கல் சூளைக்காரி வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தாள். வகுப்பில் சேர்ந்த நாளில் தன் பெயரை எழுதத் தெரியாதவள் அவள். படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் எல்லாரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தோம், பிறகு ஒரே கும்மாளம். கடைசிப் பத்தியை நான் மடித்து வைத்துக்கொண்டேன். அதற்காக என்னைச் சும்மா விட்டார்கள் என்று நினைக்காதீர்கள். நாலு நாளாக என் இடது கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்கள். மடிப்புக்குள் எட்டிப் பார்த்தது எவள் என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்றைக்கே பால்காரம்மா வாசலுக்குப் போய், எல்லார் முன்னாலும் புருஷனிடம் சொன்னாள். "சங்கிலியைத் தரேன். சும்மா இல்ல, கடனும் இல்ல. கூட்டு. டீசல் செலவு போக வர்றதுல பாதி எனக்கு. வண்டி கவுந்தா என் சங்கிலியும் கவுந்துச்சு, நான் அழமாட்டேன்."

அந்த மனுஷன் நகத்தை வாயிலிருந்து எடுத்தார். "அப்போ தினம் வந்து கணக்கு கேப்பியா?"

"கேக்கறதென்ன, வண்டியில ஏறியே வருவேன். முன் சீட்டுல."

அவர் சிரித்துவிட்டார் மச்சான். "வாயேன், எனக்கும் பேச்சுத்துணை ஆச்சு" என்றார். அவ்வளவு நாள் அவருக்கும் அதுதான் பயமாக இருந்திருக்கிறது, கேட்டால் கொடுக்கமாட்டாளோ என்று. சனிக்கிழமை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். காகிதம் அவள் முந்தானை முடிச்சில் இருக்கிறது. கேட்டால் காட்டுவாள். கேட்காவிட்டாலும் காட்டுவாள்.

இப்போது நம் வியாபாரம். லாபத்தில் மூன்றில் ஒன்று எனக்குச் சம்மதம். உழைக்கிறவர் நீங்கள், உங்களுக்குத்தான் கூடுதலாகப் போக வேண்டும். போன வருஷங்களைப் பற்றிக் கேட்டீர்கள். அதில் நாம் வாடகை கட்டினோம், சாப்பிட்டோம், வாலைப் பெற்று வளர்த்தோம். என் பங்கில் பாதியை நானே சாப்பிட்டிருப்பேன். மீதியை மனசார உங்களுக்கு விட்டுவிட்டேன். இதுதான் அன்பளிப்பு. கொடுக்கிறவள் என் வாயால் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

டிராயரில் இருக்கிற வளையலையும் காசையும் தட்டானிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வைண்டிங் மிஷினை வாங்குங்கள். கூட்டாளியாக இது என் முதல் உத்தரவு. அந்தத் தோள்பட்டை இனிமேல் கடைச் சொத்து, அதைக் கெடுக்க உங்களுக்கு உரிமை கிடையாது.

இரண்டாவது உத்தரவு: வியாழக்கிழமை கடைக்கு லீவு. வாலையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுங்கள். நம் பத்திரத்தை இங்கேதான் எழுத வேண்டும் என்று வகுப்பு முடிவு செய்துவிட்டது. சாட்சிக்கு இரண்டு பேர் போதும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பதினெட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய காகிதமாகக் கொண்டுவாருங்கள்.